சிப்பிக்குத் தெரிஞ்ச பசை நமக்கு ஏன் தெரியல?

உப்புக்காத்து (இழையைத் தொடங்கியவர்)

ரொம்ப நாளா மனசுல கிடக்கிற கேள்வி. சிரிப்பீங்களோன்னு கேக்காம இருந்தேன்.

எங்க ஊரு குமரி மாவட்டம், கடியப்பட்டணம் பக்கம். தாத்தா சிப்பி முங்கி எடுக்கிறவர். பாறையில கொத்துக் கொத்தா ஒட்டிக் கிடக்குமே, குழம்பு வைக்கிற சிப்பி, அது. உளியும் வலைப்பையுமா தண்ணிக்குள்ள போனா, மூச்சுப் பிடிச்சுப் பத்துப் பதினைஞ்சு சிப்பி பேத்துட்டு மேல வருவார். அந்தப் பாறைமேல அலை அடிக்கிற அடியில மனுஷன் நிக்க முடியாது. சிப்பி மட்டும் அசையாது.

வீட்டுக்கு வந்ததும் சுத்தம் பண்றது என் வேலை. ஓட்டு இடுக்குல தாடி மாதிரி நார் தொங்கும். பிடிச்சு இழுத்தா சில நேரம் நார் அறாம உள்ள இருக்கிற சதையே பிய்ஞ்சு வந்துரும். சில நார் முனையில பாறைத் துணுக்கு ஒட்டியிருக்கும். யோசிச்சுப் பாருங்க, பசை விடல, கல்லுதான் உடைஞ்சிருக்கு.

இப்ப நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். எந்த ஆஸ்பத்திரிங்கிறது வேண்டாம். அங்க நேர் தலைகீழ் கதை. ஈரம்னா எதுவும் ஒட்டாது. பிளாஸ்திரி போடணும்னா முதல்ல தோலைத் துடைச்சுக் காய வைக்கணும். வயசானவங்களுக்கு ஒட்டிட்டு எடுக்கும்போது தோலும் கூடவே உரியும். கல்லீரல்ல கசிஞ்சா இன்னும் மோசம். தையல் போட்டா ஊசி போன ஓட்டையே கசியும். வெண்ணெய்க் கட்டியைத் தைக்கிற மாதிரி. கடைசியில பஞ்சை வச்சு அமுக்கிக்கிட்டு நிப்போம்.

உப்புத் தண்ணிக்குள்ள, பாசி பிடிச்ச பாறையில, அலை அடிக்க அடிக்க ஒட்டத் தெரிஞ்ச ஒரு பிராணி எங்க ஊருல குழம்புல கொதிக்குது. அதுகிட்டேருந்து யாராவது எதையாவது கத்துக்கிட்டாங்களா? விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழந்தமிழன்77

இதெல்லாம் நம்ம முன்னோர்களுக்கு அப்பவே தெரியும் சகோதரி. "தாமரை இலைத் தண்ணீர் போல" என்று சொன்னவன் தமிழன். அதையே ஜெர்மன்காரன் எடுத்து, பெயர் வைத்து, பெயின்ட் டப்பாவில் அடைத்து விற்றுவிட்டான். நாம் பழமொழியோடு நின்றுவிட்டோம்.

பாலிமர் பாண்டி

பழந்தமிழன் அண்ணே, கடைசி வரியோட மட்டும் நான் ஒத்துப்போறேன். தண்ணி ஒட்டலைன்னு பாத்தது நாமதான். ஏன் ஒட்டலைன்னு மைக்ராஸ்கோப்புல பாத்தது ஜெர்மனியில பான் பல்கலைக்கழகத்துத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்ட்லாட். அவர் தாமரையைத் தேடிப் போகவும் இல்ல. இலைகளை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல வைக்கிறதுக்கு முன்னாடி கழுவுவாங்க. வழுவழு இலையில எப்பவும் அழுக்கு இருந்துச்சு, சொரசொர இலை கழுவாமலே சுத்தமா இருந்துச்சு. உல்ட்டாவா இருக்கேன்னு பிடிச்சவர், நுண்ணிய மேடுகளும் அதுமேல மெழுகும் சேந்துதான் காரணம்னு நைன்ஹூயிஸோட சேந்து 1997ல எழுதினார். நீங்க சொல்ற பெயின்ட், தண்ணியும் அழுக்கும் ஒட்டாதது, 1999ல வந்துச்சு. சரி, இது சிப்பி இழை.

அக்கா, நான் பிசின், ஜெல் இதெல்லாம் வச்சுப் பிஎச்டி பண்றேன். உங்க கேள்விக்குச் சிரிக்க ஒண்ணும் இல்ல. நாப்பது வருஷத்துக்கு மேல உலகம் பூரா ஆராய்ச்சி நடக்கிற கேள்வி அது.

அந்தத் தாடி நார் ஒவ்வொண்ணையும் சிப்பி தனித்தனியா வார்க்குது. ஓட்டுக்குள்ளேருந்து நாக்கு மாதிரி ஒண்ணு நீட்டும், அதுக்குக் கால்னு பேரு. நுனியில சின்னக் குழி. அந்தக் குழியைப் பாறைமேல வச்சு அமுக்கி, தண்ணியை விலக்கி, உள்ள திரவமா புரதத்தை ஊத்தும். சில நிமிஷத்துல நார் ரெடி, முனையில தட்டு மாதிரி ஒரு பசைப் பொட்டு. காலை எடுத்துட்டு அடுத்த நாருக்குப் போயிரும்.

அந்தப் புரதத்துல என்ன இருக்குன்னு 1981ல ஹெர்பர்ட் வெய்ட்டும் மார்வின் டான்சரும் கண்டுபிடிச்சாங்க. டோபா. நர்ஸ்னா இந்தப் பேர் உங்களுக்குப் பழக்கம். பார்க்கின்சன் நோயாளிக்குக் குடுக்கிற லெவோடோபா மாத்திரை இருக்கே, அதே மூலக்கூறு. சிப்பி அதைப் புரதச் சங்கிலிக்குள்ள கோத்து வச்சிருக்கு. பழந்தமிழன் அண்ணனுக்கு ஒரு சந்தோஷச் செய்தி: பூனைக்காலி விதையிலயும் டோபா இருக்கு. அதைப் பிரிச்செடுத்தது தாமோதரன், ராமசாமின்னு ரெண்டு பேர், சென்னையில, 1937ல.

ஆனா டோபா மட்டும் கதை இல்ல. கடலுக்கடியில இருக்கிற பாறைமேல உப்பு அயனிகள் ஒரு படலமா ஒக்காந்திருக்கும். அதை விலக்கினாத்தான் பசை பாறையைத் தொட முடியும். புரதத்துல டோபாவுக்குப் பக்கத்துலயே லைசீன்னு ஒரு அமினோ அமிலம், பாசிட்டிவ் மின்னூட்டம் உள்ளது. அதுதான் முன்னால போய் உப்பைத் தள்ளி இடம் பிடிக்குது, டோபா பின்னாலயே போய் ஒக்காருது. இது தெளிவானது 2015லதான். இன்னொரு சூட்சுமமும் உண்டு. கடல் தண்ணி காரத்தன்மை, அதுல டோபா சீக்கிரம் ஆக்சிஜனோட சேந்து கெட்டுப்போகும். அதனால சிப்பி அந்தக் குழிக்குள்ள மட்டும் அமிலமா வச்சுக்குது.

மரக்கடை செல்வம்

பாண்டி தம்பி, மதுரையில பிளைவுட் கடை வச்சிருக்கேன். சிப்பிக்கும் என் கடைக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேக்காதீங்க. கட்டு பிரிச்ச அன்னைக்கு குடோனுக்குள்ள நுழைஞ்சா கண்ணு எரியும். அது மரவாடை இல்ல, பசை வாடை. ஃபார்மால்டிஹைடு. இருபத்திரெண்டு வருசமா மோந்துக்கிட்டு இருக்கேன். இப்பத்தான் ஈ-ஒன், ஈ-ஜீரோன்னு, அந்த வாடை எவ்வளவு வெளிய வரும்னு காட்டுற தரம் போட்டு வருது, வாடை கம்மி. கஸ்டமர் யாரும் அதைக் கேக்க மாட்டாங்க. "72 மணி நேரம் கொதிக்க வச்சாலும் பிரியாதா?"ன்னுதான் கேப்பாங்க.

சிப்பிப் பசையில பலகை ஒட்ட முடியுமா? முடிஞ்சா இந்நேரம் எவனாவது பண்ணியிருப்பானே.

பாலிமர் பாண்டி

பண்ணியிருக்காங்க அண்ணே!

அமெரிக்காவுல ஒரேகான் ஸ்டேட் பல்கலைக்கழகத்துல கைச்சாங் லி-ன்னு ஒரு மரவேதியியல் பேராசிரியர். கடற்கரையில அலை அடிக்கிற பாறையில சிப்பி பிடிச்சிருக்கிறதைப் பாத்துத்தான் அவருக்கும் இந்த யோசனை. உப்புக்காத்து அக்கா தாத்தா பாத்த அதே காட்சி. ஆனா சிப்பியைப் பிழிஞ்சு பசை எடுக்க முடியாது. 1 கிராம் புரதத்துக்குச் சுமார் 10,000 சிப்பி வேணும்னு ஒரு கணக்கு இருக்கு. எங்க போறது? அவர் மலிவான சோயா மாவை எடுத்தார். சோயாப் புரதம் தண்ணியில ஊறினா விட்டுரும். அதைச் சிப்பிப் புரதம் மாதிரி இறுக வைக்க ஒரு பிசின் சேத்தார். டிஷ்யூ பேப்பர் நனைஞ்சதும் கிழியாம இருக்கச் சேக்கிற பிசின் அது. ஃபார்மால்டிஹைடு துளி கூட சேக்கிறதில்ல. கொலம்பியா ஃபாரஸ்ட் புராடக்ட்ஸ்ங்கிற கம்பெனி அந்தப் பசைக்கு மாறிச்சு. 2007ல அவங்களுக்கு அமெரிக்க அரசோட பசுமை வேதியியல் விருது கிடைச்சுது.

ஆனா அது வீட்டுக்குள்ள போடற பலகைக்குத்தான். உங்க 72 மணி நேரக் கஸ்டமருக்கு மரைன் பிளைதான் குடுக்கணும். கடல்ல வாழற பிராணியைப் பாத்துச் செஞ்ச பசை மரைன் பிளைக்கு ஆகலைங்கிறது எனக்கு இன்னும் சிரிப்பாத்தான் இருக்கு.

மரக்கடை செல்வம்

ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் வரவைக்கும்னு எங்க பையன் போன்ல காட்டினான். அது நெசமா?

பாலிமர் பாண்டி

நெசந்தான் அண்ணே. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் அமைப்பு 2004லயே அதை, மனுஷனுக்குப் புற்றுநோய் வரவைக்கும்னு உறுதியான பொருள்களோட முதல் பட்டியல்ல சேத்துருச்சு. குடோன் ஜன்னலைத் திறந்து வைங்க, எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்க.

செங்கல்சூளை

நான் கட்டடக்கலைக்காரி. இயற்கையைப் பார்த்துச் செய்தார்கள் என்ற பேச்சு வரும்போதெல்லாம் கொஞ்சம் எரிச்சல் வரும், மன்னிக்கவும். கல்லூரியில் முதல் வருடத்திலேயே எங்களுக்கு ஒரு புராணம் சொல்லித் தருவார்கள்: "ஜிம்பாப்வேயில் கறையான் புற்றைப் பார்த்து ஏசி இல்லாத கட்டடம் கட்டினார்கள்." ஹராரேயில் உள்ள ஈஸ்ட்கேட் சென்டர், 1996, மிக் பியர்ஸ். ஸ்லைடில் ஒரு பக்கம் புற்று, மறு பக்கம் கட்டடம், நடுவில் ஒரு அம்புக்குறி. வகுப்பு முடிந்தது.

கட்டடம் நன்றாக வேலை செய்கிறது, அதில் சந்தேகம் இல்லை. இரவுக் குளிர்காற்றை விசிறிகள் வைத்து உள்ளே இழுத்துக் கனமான கான்கிரீட்டைக் குளிர வைக்கிறார்கள், பகலில் அந்தக் குளிர்ச்சியைச் செலவழிக்கிறார்கள். கோளாறு அம்புக்குறியில். புற்றுக்குள் சூடான காற்று புகைபோக்கியில் போவதுபோல மேலே போகிறது, அதனால் உள்ளே ஒரே வெப்பநிலை இருக்கிறது என்று லூஷர் என்ற சுவிஸ் ஆய்வாளர் 1960களில் எழுதியதுதான் அடிப்படை. பின்னாளில் ஸ்காட் டர்னரும் ரூபர்ட் சோரும் ஆப்பிரிக்கப் புற்றுகளை அளந்து பார்த்தால், கூட்டின் வெப்பநிலை மண்ணின் வெப்பநிலையோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. புற்று ஏசி அல்ல, நுரையீரல். கெட்ட காற்றை வெளியே விட்டு நல்ல காற்றை எடுப்பதற்காக இருக்கிறது. 2008ல் இதைத் தெளிவாக எழுதிவிட்டார்கள். என் ஜூனியர்களுக்கு இன்னும் அதே ஸ்லைடுதான்.

கதை அதோடு முடியவில்லை. 2015ல் ஹன்டர் கிங், சாமுவேல் ஓக்கோ, மகாதேவன் மூவரும் நம்ம ஊர்ப் புற்றையே எடுத்துக்கொண்டார்கள். பெங்களூரில். கோவில் கோபுரம்போல ஓரங்களில் மடிப்பு மடிப்பாக எழும்பியிருக்குமே, பால் ஊற்றி மஞ்சள் பூசுவோமே, அந்த ரகம். பகலில் வெளி மடிப்புகள் சீக்கிரம் சூடாகின்றன, நடுத்தண்டு தாமதமாக. அதனால் காற்று மடிப்புகள் வழியே ஏறி நடுவில் இறங்குகிறது. இரவில் அப்படியே திசை மாறுகிறது. பகலுக்கும் இரவுக்கும் உள்ள வெப்ப வித்தியாசமே இன்ஜின்.

பகல்–இரவு வித்தியாசத்தில் ஓடுவதுதான் ஈஸ்ட்கேட் கட்டடமும்! தப்பான விளக்கத்தைப் படித்துவிட்டு, சரியான விளக்கத்துக்குப் பக்கத்தில் போய் நின்றிருக்கிறார் பியர்ஸ். அவர் அதிர்ஷ்டசாலி. எல்லோருக்கும் அப்படி அமையாது.

பழந்தமிழன்77

புற்றுக்குப் பால் ஊற்றுவதை இதில் எதற்கு இழுக்கிறீர்கள்?

செங்கல்சூளை

இழுக்கவில்லை ஐயா. எந்தப் புற்று என்று எல்லோருக்கும் சட்டென்று புரியட்டும் என்றுதான். நானும் ஊற்றியவள்தான்.

மட்டுறுத்துநர்

புற்று, வழிபாடு பற்றிப் பேச வேறு இழை உண்டு. இங்கே பசைக்குத் திரும்புவோம்.

தேக்கா தம்பி

சிங்கப்பூர்லேருந்து. இத்தனை நாள் படிச்சிட்டு மட்டும் போவேன், இன்னைக்கு எழுதியே ஆகணும்.

துவாஸ்ல ஒரு மருந்துத் தொழிற்சாலையில தரக்கட்டுப்பாட்டு லேப்ல இருக்கேன். உப்புக்காத்து அக்கா, நீங்க தியேட்டர்ல போடற டிரிப், ஊசி எல்லாத்தையும் வெளிய விடறதுக்கு முன்னாடி ஒரு சோதனை உண்டு. பாக்டீரியா செத்துப்போனாலும் அதோட மேலுறைத் துண்டு மருந்துல கிடக்கும், எண்டோடாக்சின். அது ரத்தத்துல ஏறினா நோயாளிக்குக் குளிர் நடுக்கம், காய்ச்சல். அதைக் கண்டுபிடிக்கிற ரசாயனம் குதிரைலாட நண்டோட நீல ரத்தத்துலேருந்து வருது. இரும்புக்குப் பதிலா தாமிரம், அதனால நீலம். அமெரிக்கக் கிழக்குக் கரையில அந்த ஜீவனை வரிசையா மாட்டி, ரத்தம் எடுத்து, கடல்ல திரும்ப விடறாங்க. ஒரு பகுதி பிழைக்கிறதில்ல. 1977லேருந்து அமெரிக்க அரசு அனுமதியோட நடக்குது. அதுக்கு முன்னாடி இந்தச் சோதனைக்கு முயல்.

"இயற்கையிடமிருந்து கற்றோம்"னு போஸ்டர்ல போடறதுக்கும், இயற்கையை வரிசையில மாட்டி ரத்தம் எடுக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்குல்ல? அந்த வித்தியாசத்தைச் செஞ்சு காட்டினது எங்க ஊரு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துல டிங் ஜியாக் லிங், ஹோ போ ரெண்டு பேரும் இங்க சதுப்புக் கரையில வாழற குதிரைலாட நண்டோட மரபணுவை எடுத்து, எண்டோடாக்சினைக் கண்டுபிடிக்கிற ஃபாக்டர் சி-ங்கிற புரதத்தை ஆய்வுக்கூடச் செல்லுல வளத்தாங்க. அதுக்கப்புறம் நண்டே வேண்டாம்.

இது 1990கள்ல நடந்துச்சு. அமெரிக்க மருந்துத் தரநூல் இந்த மாற்றுச் சோதனைக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கினது 2024ல. கிட்டத்தட்ட முப்பது வருஷம். அறிவியல் தயாரா இருந்துச்சு, ஃபைல்தான் நகரல. எங்க லேப்ல இன்னமும் பழைய நண்டு ரத்தக் குப்பிதான் ஃபிரிட்ஜ்ல இருக்கு. மாத்தணும்னா ஒவ்வொரு மருந்துக்கும் திரும்பச் சோதிச்சுக் காட்டணும், யார் இறங்குவான்னு மேனேஜர் கேக்கிறார். அவர் கேக்கிறதுலயும் நியாயம் இருக்கு.

உப்புக்காத்து

தம்பி, டிரிப் போட்டதும் நடுங்கினா நாங்க முதல்ல பாட்டிலைத்தான் சந்தேகப்படுவோம். அதுக்குப் பின்னால ஒரு நண்டு இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியும்.

பாண்டி, பிளைவுட்டுக்கு வந்தது எனக்கு ஏன் வரல? அதைச் சொல்லு.

பாலிமர் பாண்டி

பலகைக்கு உயிர் இல்லக்கா, அதுதான் முதல் காரணம். உடம்புக்குள்ள போற பசை விஷமா இருக்கக் கூடாது, ஊறிப் பெருத்து நரம்பை அமுக்கக் கூடாது, ஆறினதும் கரையணும், இதயம் மாதிரி அசையற உறுப்பா இருந்தா கூடவே இழுபடணும். டோபாவை மட்டும் எடுத்து ஜெல்லுல போட்டா ஆக்சிஜன் பட்டுக் கெட்டுருது. சிப்பி குழிக்குள்ள வச்ச அமிலத்தை நம்மால தியேட்டர்ல வைக்க முடியல.

அதனால சிலபேர் வேற பிராணிகிட்ட போனாங்க. ஹார்வர்டுல 2017ல ஓடில்லாத நத்தை ஒண்ணைப் பாத்தாங்க. பயந்தா கெட்டியான கோழை விடற ரகம், பறவை கொத்தினாலும் இடத்தை விட்டு வராது. அந்தக் கோழையில பாசிட்டிவ் மின்னூட்டப் புரதம். அதே தத்துவத்துல ஒரு ஜெல் பண்ணி, ரத்தம் பூசின பன்றி இதயத்துமேல ஒட்டிப் பாத்தாங்க, நின்னுச்சு. இங்கயும் லைசீன் வேலை மாதிரியே மின்னூட்டந்தான் முன்னால போகுது பாருங்க.

எம்ஐடியில 2021ல கொட்டலசு. படகு அடியில வெள்ளையா, கூர்மையா, காலைக் கிழிக்குமே, அது. கொட்டலசு முதல்ல எண்ணெய் மாதிரி ஒண்ணை விட்டுத் தண்ணியையும் அழுக்கையும் தள்ளிட்டு, அதுக்கப்புறம்தான் பசையை விடுது. அவங்க சிலிக்கான் எண்ணெய்க்குள்ள பசைத் துகளைக் கலந்து களிம்பாக்கினாங்க. எலி, பன்றியோட ஈரல்ல ரத்தம் வர்ற இடத்துல வச்சு அமுக்கினா சில நொடியில அடைச்சுக்குது, ரத்தம் உறையக் காத்திருக்க வேண்டியதில்ல. நீங்க சொன்ன வெண்ணெய்க் கட்டி ஈரல் நினைவுக்கு வந்துச்சு.

இதெல்லாம் விலங்குச் சோதனை. சிலது கம்பெனி வரைக்கும் போயிருக்கு. உங்க டிரேயில வர்றதுக்குத் தேக்கா தம்பி சொன்ன ஃபைல் நகரணும்.

அக்கா, ஒரு உதவி. எங்க லேப் இருக்கிற ஊருல கடல் கிடையாது, உயிரோட சிப்பி பாத்ததே இல்ல. அடுத்த தடவை ஊருக்குப் போனா, புதுசா எடுத்த சிப்பி ஒண்ணைக் கண்ணாடிக் கிண்ணத்துல கடல் தண்ணி ஊத்தி ராத்திரி வச்சுப் பாருங்களேன். பழைய நான்ஸ்டிக் துண்டு கிடைச்சா அதையும் போடுங்க.

உப்புக்காத்து

மூணு வாரம் கழிச்சு வரேன். பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்தேன்.

அம்மா குழம்புக்கு வாங்கினதுல ரெண்டை எடுத்து வச்சதுக்கே திட்டு. "படிச்சுப்போட்டு வந்து சிப்பி வளக்கியா?"ன்னு கேட்டாங்க. ஒண்ணைக் கண்ணாடிக் கிண்ணத்துல, ஒண்ணை அம்மா தூக்கிப் போட்டு வச்சிருந்த நான்ஸ்டிக் தோசைக் கல்லுமேல. ரெண்டுலயும் கடல் தண்ணி.

பத்து மணி வரைக்கும் ஒண்ணும் இல்ல. அப்புறம் கண்ணாடியில இருந்தது லேசா வாயைத் திறந்து, நாக்கு மாதிரி நீட்டித் தடவிக்கிட்டே இருந்துச்சு. இடம் பாக்குது போல. ஒரு இடத்துல அமுக்கி அப்படியே நின்னுச்சு, நான் போன்ல டைம் பாத்தேன், நாலு நிமிஷம். காலை எடுத்ததும் கண்ணாடியில வெள்ளையா ஒரு நூலு. தலைமுடியை விடக் கொஞ்சம் தடிப்பு, முனையில கடுகுல பாதி அளவு பொட்டு. காலையில எண்ணினா ஒன்பது நூலு. நூலை இழுத்தா ரப்பர் மாதிரி நீளுது, பொட்டு அசையல. ஷேவிங் பிளேடு வச்சுச் சுரண்டித்தான் எடுத்தேன். கண்ணாடியில தடம் இன்னும் இருக்கு.

தோசைக் கல்லுலயும் ஒட்டியிருக்கு பாண்டி! மூணு நூலு. நகத்தால நெம்பினா வந்துருச்சு, கண்ணாடி அளவுக்குப் பிடி இல்ல. ஆனா ஒட்டுச்சு. அம்மா வந்து பாத்துட்டு, "தோசை ஒட்டல, இது ஒட்டுதே"ன்னு கல்லைத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. நூலெல்லாம் ஒரு மாத்திரை டப்பாவுல எடுத்து வச்சிருக்கேன். காய வச்சு அனுப்பவா, உப்புத் தண்ணியிலயே போட்டு அனுப்பவா?

பாலிமர் பாண்டி

உப்புத் தண்ணியிலயே அக்கா. மூடியை இறுக்கி மூடுங்க, கூரியர்காரர் மேல சிந்தப் போகுது. சிப்பி ரெண்டும் என்னாச்சு?

உப்புக்காத்து

கண்ணாடியில இருந்ததைத் தம்பி கொண்டுபோய்ப் பாறையில விட்டுட்டான். தோசைக் கல்லுல இருந்தது குழம்புக்குப் போயிருச்சு. நான் பாக்கிறதுக்குள்ள அம்மா போட்டுட்டாங்க.